முள்கத்தரியின் வரிசை

கறுப்பு ஒயர் குழிகள் இருக்கிற பக்கம், சிவப்பு எதிர்ப்பக்கம், சரியாகத்தான் மாட்டியிருக்கிறோம் என்று பெர்சிஸ் இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். மாற்றி மாட்டினால் டி.என்.ஏ. முன்னால் ஓடாமல் பின்னால் ஓடி பாகு மாதிரி உறைந்த ஜெல் கட்டியைவிட்டே வெளியே போய்விடும், பிறகு அது இருந்ததற்கு அடையாளமே இருக்காது. சரியாகத்தான் இருக்கிறது. கம்பியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்புகின்றன, ஆகவே மின்சாரம் பாய்கிறது. நீலச் சாயம் குழியைவிட்டு ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது, அல்லது நகர்ந்த மாதிரி இருக்கிறது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. சாயம் முக்கால் தூரம் வருகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மூன்று மணிக்கு அவளுடைய ஆய்வுக் குழுக் கூட்டம், அதற்குள் வந்துவிடும், கரண்டு நின்றுபோகாமல் இருந்தால் வந்துவிடும், நின்றாலும் ஜெனரேட்டர் இருக்கிறது, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று யாரைப் போய்க் கேட்பது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆராய்ச்சி நிலையத்தின் இந்த மூலையில் ஆளே இருக்காது. ஃப்ரிட்ஜ் உறுமி நிற்கிறது, மறுபடி உறுமுகிறது. வெளியே கண்ணாடி வீட்டுப் பக்கம் யாரோ தரையோடு தரையாக ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போகிறார்கள். பசித்தது. டிபன் டப்பாவைத் திறந்தால் புளிச்சோற்று வாசனை அறை முழுக்கக் கிளம்பும் என்று திறக்கவில்லை. திருப்பிப் போட்டுடும்மா. காலையிலும் அவளுடைய ஆய்வு வழிகாட்டி கோவர்த்தனன் சார் அப்படித்தான் சொன்னார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஏதோ சுவரில் படம் கோணலாகத் தொங்குகிறது, நேராக்கிவிடு என்கிற மாதிரி. அந்த ஒரு துண்டை மட்டும் திருப்பிப் போட்டுடும்மா. எவ்வளவு நேரம் ஆகப்போகுது, ஒரு கமாண்டு.

ஒரு கமாண்டுதான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பாறாங்கல்லைப் புரட்டு என்றால் முடியாது சார் என்று சொல்லிவிடலாம், இது ஒரு வரி, எழுதி எண்டர் தட்டினால் ஒரு தும்மலுக்குள் முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது, திரையில் கோடு அழகாக நிமிர்ந்துகொள்ளும். நாலு வருஷமாக அவள் அந்தச் செடியின் முழு டி.என்.ஏ.வையும் படித்துக் கோத்துக்கொண்டிருக்கிறாள். முள்கத்தரி. யாரும் நடாமல் குளத்துக்கரையிலும் ரயில்பாதை ஓரத்திலும் தானே முளைத்து, இலை நரம்பில்கூட முள் வைத்துக்கொண்டு, ஆடு வாய்வைக்காமல் நிற்கிற செடி. சமையல் கத்தரிக்குச் சொந்தக்காரி. கத்தரிக்காட்டை ஒரே வாரத்தில் படுக்கவைக்கிற வாடல் நோய் இதன் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு மெனக்கெடல். திரையில் கீழே கத்தரியின் மரபணுக்களை வரிசையாக அடுக்கி, பக்கவாட்டில் முள்கத்தரியின் மரபணுக்களை அடுக்கி, இரண்டிலும் ஒரே மரபணு வருகிற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்தால், புள்ளிகள் சேர்ந்து மூலையிலிருந்து மூலைக்குக் கோடாக ஏறும். சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார், ஒரே குடும்பத்து ஆளுங்க ரெண்டு ஊருக்குக் குடிபோனாலும் வீடுகளை அதே வரிசையிலதான் கட்டிக்குவாங்க என்று. எல்லாக் குரோமோசோமிலும் அப்படித்தான் ஏறியது, ஆறாவதைத் தவிர. ஆறாவதில் கோடு ஏறிக்கொண்டே வந்து, நடுவில் சட்டென்று எதிர்ப்பக்கமாக இறங்கி, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஏறியது. தெருவின் நடுத்துண்டை யாரோ அப்படியே பெயர்த்துக் கடைசி வீடு முதலாகவும் முதல் வீடு கடைசியாகவும் வைத்துவிட்டுப் போனது போல. முதலில் பார்த்தபோது அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நம்மகிட்டதான் தப்பு இருக்கும் என்றுதான் நினைத்தாள், வேறென்ன நினைக்க, எந்தத் தப்புக்கும் முதலில் கை தூக்கிப் பழகிய பிறவி. கணினி துண்டுகளைத் தப்பாக ஒட்டியிருக்கும். வேறு முறையில் ஒட்டிப் பார்த்தாள். அப்போதும் இறங்கியது. இந்தப் பக்கத்து வீட்டில் தொடங்கி ஒட்டுப்போட்ட இடத்தைக் கடந்து அந்தப் பக்கத்து வீடு வரை அறுபடாமல் படித்த நீள டி.என்.ஏ. இழைகள் இருந்தன, அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், நடுவில் வெட்டே இல்லை, எந்தக் கணினியும் ஒட்டாத இழைகள். செடியே அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் சாருடைய வரைபடத்தில் அப்படி இல்லை. அங்கேதான் மனசு வந்து வந்து இடறியது. அவள் இந்த நிலையத்துக்கு வருவதற்கு முன்னாலேயே சார் முள்கத்தரிக்கு ஒரு வரைபடம் வெளியிட்டிருந்தார், அதில் கோடு ஆறாவதிலும் மூலைக்கு மூலை நேராக ஏறுகிறது. ஏறாமல் என்ன செய்யும். அப்போதிருந்த கருவியில் கிடைத்ததெல்லாம் சின்னச் சின்னத் துண்டுகள், எது எதற்குப் பக்கத்தில் என்று தெரியாமல் கத்தரியின் வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத் துண்டுகளை அடுக்கினார்கள். அடுக்கி முடித்துவிட்டு, ஆஹா, கத்தரி மாதிரியே இருக்கிறதே என்று எழுதினார்கள். மோசடி இல்லை, எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், அவளும் அந்த வருஷம் அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள். அவர் மோசமான மனுஷரும் இல்லை. மோசமாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். பிள்ளை பெற்று, ஏழு வருஷம் வீட்டிலிருந்துவிட்டு, முப்பத்துநாலு வயதில் அவள் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தபோது நேர்முகத்தில் ஒருவர் சின்னப் பிள்ளைய வச்சிக்கிட்டு எப்படிம்மா முடிப்பே என்று கேட்டார். கோவர்த்தனன் சார்தான் குறுக்கிட்டு, நம்ம யாருக்கும் பிள்ளை இல்லையா என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நாலு வருஷமாக அவள் சுமந்துகொண்டிருக்கிறாள். நன்றி என்பது இவ்வளவு கனமா. அவருடைய கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு நகராது. கையெழுத்து போடமாட்டேன் என்று அவர் சொல்லவும் இல்லை, சொல்லமாட்டார், இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்பார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அப்படியே ஒரு வருஷம் போய்விடும். அதற்காகத் திருப்பிப் போடுவதா. அமுதவல்லி மேடத்தை நினைத்துக்கொண்டாள். கலப்பினப் பிரிவில் மேடம் பல வருஷமாகக் கத்தரியையும் முள்கத்தரியையும் சேர்த்துச் சேர்த்துப் பார்க்கிறார், வாடல் தாங்குகிற குணம் வருகிறது, கூடவே கசப்பும் வருகிறது, இரண்டையும் பிரிக்கவே முடியவில்லை. போன மாசம் வயலில் ஒரு காயைக் கடித்துத் துப்பிவிட்டு, சட்டைக்குள்ள ஒட்டுன முள்ளு மாதிரி கூடவே வருதும்மா, அடுத்த பட்டத்துல பிரிஞ்சிடும்னு உங்க சார் வரைபடம் சொல்லுது, நானும் நட்டுக்கிட்டே இருக்கேன் என்றார். பிரியாது மேடம். ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் திரும்பியும் இருந்தால் இரண்டு குரோமோசோமும் அந்த இடத்தில் துண்டு மாற்றிக்கொள்ள முடியாது, உள்ளே இருக்கிற வாடல் தாங்கும் குணமும் கசப்பும் ஒரே கட்டாகத்தான் வரும். ஒரு கமாண்டில் கோட்டை நிமிர்த்திவிடலாம், மேடத்தின் வயலில் எதை நிமிர்த்துவது.

நீலச் சாயம் கால்வாசி வந்திருந்தது. கிளாரிந்தா அக்கா ஏன் இப்போது ஞாபகத்துக்கு வருகிறாள். சாயர்புரத்துக் கோயில், ஆராதனை நடுவில் பாஸ்டர் ஐயா ஓலை வாசிக்கிறார். கல்யாண அறிவிப்பை அங்கே ஓலை என்பார்கள், மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்கு யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று. யாரும் தெரிவித்ததில்லை, தெரிவிப்பதற்காக அதைக் கேட்பதும் இல்லை, கேட்டுவிட்டு உடனே அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குப் பெண்கள் பக்கத்தில் பெர்சிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்பது போல, எனக்குத் தடை இருக்கு ஐயா, நாந்தான் பொண்ணு என்றாள். அம்மா அக்காவின் தாவணியைப் பிடித்து இழுத்தாள், அக்கா உட்காரவில்லை. அப்பா பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார், எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான், கோயில்ல வச்சாட்டி சொல்லணும். அக்கா சொன்னாள், வீட்ல மூணு வாட்டி சொன்னேம்லாப்பா, யாருக்கும் காது கேக்கல. அப்புறம் வீட்டில் யாரும் அவளோடு ரொம்ப நாள் பேசவில்லை. இப்போது தூத்துக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள், தனியாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பாறை மீன் வாங்கித் தானே கழுவித் தானே குழம்பு வைத்துத் தின்கிறாள், குண்டாகிவிட்டாள். சந்தோஷமாக இருக்கியாக்கா என்று பெர்சிஸ் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால், நீ இருக்கியாட்டி என்று திருப்பிக் கேட்பாள்.

திருப்பி. திருப்பிக் கேட்பாள், திருப்பிப் போட்டுடு, திரும்பியிருக்கிறது. காலையிலிருந்து இந்த ஒரே சொல் வாயில் அகப்பட்ட முருங்கைச் சக்கை மாதிரி விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடக்கிறது. எதிலிருந்து திரும்பியிருக்கிறது. கத்தரி நேர், முள்கத்தரி திருப்பம் என்று யார் சொன்னது. கத்தரியைப் படத்தில் கீழே வைத்தோம், அது சந்தையில் விற்கிற காய், அதை முதலில் படித்தார்கள், அதனால் அது நேர். முள்கத்தரியைக் கீழே வைத்துப் புள்ளி வைத்திருந்தால் கத்தரியல்லவா திரும்பியதாகத் தெரிந்திருக்கும். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டாள். இறங்கியபின் ஏன் இறங்கினோம் என்று ஒரு கணம் தெரியவில்லை, அப்புறம் தெரிந்தது, லேப்டாப் அடுத்த மேஜையில் இருந்தது. இரண்டு பேர் சண்டையில் எது பழையது என்று கேட்க மூன்றாவதாக ஒரு சொந்தக்காரர் வேண்டும், தூரத்துச் சொந்தம், இந்த இரண்டும் பிரிவதற்கு முன்னாலேயே பிரிந்து போனது. தக்காளி. தக்காளியின் வரிசை உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. இவ்வளவு நாளும் இது ஏன் தோன்றவில்லை என்று கோபம் வந்தது, சாருக்கும் தோன்றவில்லை, தப்பு எங்கே தப்பு எங்கே என்று தேடிய மும்முரத்தில் நேர் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, தக்காளியோடு ஒப்பிடச் சொல்லி ஓடவிட்டாள். அவசரத்தில் ஒரு எழுத்து தப்பாகி, மறுபடி அடித்தாள். அப்போது முபீனா உள்ளே வந்தாள், இதே ஆய்வகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண், சாப்பிட்டுவிட்டு ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு.

"நீங்க சாப்பிடலையாக்கா?"

"பொறவு சாப்பிடுதேன்."

"சார் கேன்டீன்ல இருக்காரு. பெர்சிஸ் படத்தைச் சரி பண்ணிட்டாளான்னு என்கிட்ட கேட்டாரு. எனக்குத் தெரியாது சார்னு சொல்லிட்டேன்." முபீனா குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, பண்ணிட்டுப் போயிடுங்களேன். ஆய்வேட்டை முடிச்சு வெளிய போனப்புறம் உண்மையை எழுதிக்கலாம்."

நேற்று வீட்டில் அவள் கணவன் டேனியலும் இதைத்தான் சொன்னான். சொன்னதைச் செஞ்சிட்டுப் பட்டத்த வாங்குவியா, அத விட்டுட்டு. அதை விட்டுவிட்டு என்பதோடு நிறுத்தி, மகளின் ஹோம்வொர்க் நோட்டைப் பார்க்கப் போய்விட்டான். வெளியே போனதும் எழுதிக்கொள்ளலாம். வெளியே போனால் வேறொரு கதவு இருக்கும், அதற்கும் ஒரு கையெழுத்து இருக்கும், அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம். ஒரு தடவை திருப்பிப் போட்டால் அவளுடைய பேரில் ஒரு வரைபடம் வெளியே போகும், அதைக் கீழே வைத்து இன்னொருத்தி இன்னொரு செடியை அடுக்குவாள், அதுவும் நேராகவே ஏறும். முபீனாவுக்குப் பதில் சொல்வதற்குள் திரையில் தக்காளி வந்துவிட்டது. ஆறாவது குரோமோசோம், அந்தத் துண்டு. முள்கத்தரிக்கும் தக்காளிக்கும் கோடு நேராக ஏறியது. கத்தரிக்கும் தக்காளிக்கும் இறங்கியது. உருளைக்கிழங்கை வைத்தாள், அதுவும் கத்தரியின் சொந்தம்தான், அதுவும் தக்காளி சொன்னதையே சொன்னது. முபீனா அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"அப்போ முள்கத்தரி அப்படியேதான் இருந்திருக்கா?"

"அது இடத்துல அது இருக்கு. மாறுனது கத்தரி."

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயம் அதே இடத்தில்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்குப் பெயர் வைக்க அவளுக்குத் தெரியவில்லை, பஸ்ஸில் இடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்துத் தள்ளி நில்லும்யா என்று முதன்முதலாகச் சொன்ன அன்றைக்கு இருந்த மாதிரி, காது சூடாக, கால் உறுதியாக. இருந்தாலும் ஜெல் இருக்கிறது. திரையில் தெரிவது எல்லாம் கணக்கு, சார் கணக்கை நம்பமாட்டார், மெஷின் பண்ற தப்பும்மா என்பார். ஜெல்லில் இருப்பது செடி. ஒட்டு விழுந்திருக்கிற இடத்தில் இந்தப் பக்கம் ஒரு பிரைமர், அதாவது அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிற டி.என்.ஏ. துணுக்கு, அந்தப் பக்கம் இன்னொரு பிரைமர். அவள் சொல்கிற வரிசை உண்மையானால் மட்டும்தான் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும், நடுவிலிருக்கிறதைப் பெருக்கும், ஒரு பட்டை தெரியும். சாருடைய வரிசை உண்மையானால் ஒன்றும் தெரியாது. மூன்று ஊர்களிலிருந்து கொண்டுவந்த செடிகள், கூடவே கத்தரி, கூடவே டி.என்.ஏ.வே போடாத வெறும் தண்ணீர். தண்ணீரில் பட்டை வந்தால் எல்லாமே அழுக்கு, எல்லாமே வீண். முள்கத்தரியில் பட்டை வராவிட்டாலும் அதை அப்படியே கொண்டுபோய்க் காட்டுவேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். நான் சொன்னது தப்பு என்று செடி சொன்னால் தப்புதான், எழுந்து நின்று சொல்லிவிடலாம். ஆனால் செடி சொல்லட்டும். சார் சொல்லி இல்லை, டேனியல் சொல்லி இல்லை. நீலச் சாயம் முக்கால் தூரம் வந்துவிட்டது. சுவிட்சை அணைத்தாள், குமிழிகள் நின்றன. ஜெல் வழுக்கியது, முபீனா தட்டை நீட்டினாள், இரண்டு பேரும் இருட்டறைக்குள் போனார்கள்.

புற ஊதா விளக்கைப் போட்டதும் முதலில் கடைசிக் குழியைத்தான் பார்த்தாள். தண்ணீர். ஒன்றுமில்லை. கத்தரி, ஒன்றுமில்லை. அதற்கப்புறம்தான் மற்றதைப் பார்க்கத் தைரியம் வந்தது. முள்கத்தரியின் ஒவ்வொரு குழிக்கும் நேர் கீழே ஒரு பட்டை, ஒரே உயரத்தில், கோடு போட்ட நோட்டில் எழுதியது போல. முபீனா ஒரு மூச்சை இழுத்து விட்டாள். பெர்சிஸ் படம் எடுத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றும் எடுத்தாள். வெளியே வந்தபோது வாசலில் கோவர்த்தனன் சார் நின்றிருந்தார். அவள் அச்செடுத்த படத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பார்க்கத் தெரிந்த மனுஷர், விளக்கம் கேட்கவில்லை.

"எத்தனை ஊர்ச் செடி?"

"மூணு சார். தக்காளியும் வச்சுப் பாத்துட்டேன். முள்கத்தரி சரியாத்தான் இருக்கு. கத்தரிதான் திரும்பியிருக்கு."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. முப்பது வருஷத்துக்கு முந்தைய, ஆய்வு மாணவனாக இருந்த முகம் போல அவளுக்குத் தோன்றியது. அது நிற்கவில்லை.

"நல்ல வேலைம்மா. நான் இல்லேங்கல. ஆனா இன்னைக்கு வேண்டாம். வெளியிலேர்ந்து ஹேமாவதி மேடம் வந்திருக்காங்க, அமுதவல்லி இருப்பாங்க. நாம ரெண்டு பேரும் உட்கார்ந்து நிதானமா எழுதலாம், ஆறு மாசம் போகட்டும். இன்னைக்கு ஒருநாள் பழைய மாதிரியே காட்டிடு."

"அமுதவல்லி மேடம் இந்தப் பட்டத்துக்கும் நாத்து விட்டுட்டாங்க சார்."

"அது எனக்குத் தெரியும்."

"நான் இதத்தான் காட்டப்போறேன்."

"யோசிச்சுச் சொல்லு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"காலையிலேர்ந்து அதத்தான் சார் யோசிச்சிட்டிருந்தேன்."

அவர் படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். கூட்ட அறை ஏசியில் அவளுக்கு வேர்த்தது. தாராளமாக வேர்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். நாலு வருஷ வேலையை அறிமுகம், நோக்கம், முறை என்று வழக்கமாகத் தொடங்காமல், முதல் படமாகவே ஆறாவது குரோமோசோமைப் போட்டாள். சுவர் முழுக்கக் கோடு ஏறி, இறங்கி, ஏறியது. பக்கத்திலேயே ஜெல், பக்கத்திலேயே தக்காளி. பேராசிரியர் ஹேமாவதி பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏற்கெனவே வெளியான வரைபடத்துல இந்த இடம் நேரா இருக்கே?"

"அது தப்பு மேடம். கத்தரியைப் பாத்து அடுக்குனதால நேரா வந்திருக்கு."

"அது என் வரைபடம்," என்றார் கோவர்த்தனன் சார், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா சார்."

அமுதவல்லி மேடம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்தார், மண் அப்பிய செருப்போடு, கோடு இறங்குகிற இடத்துக்கு நேராக நின்றார். வெளிச்சம் அவர் முகத்திலும் புடவையிலும் விழுந்தது. "வாடல் தாங்குறது இதுக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டார். "கசப்பு?"

"ரெண்டுமே உள்ளதான் மேடம். எத்தனை பட்டம் நட்டாலும் பிரியாது. வேற வழிதான் பாக்கணும்."

மேடம் இறங்குகிற கோட்டின் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி பெர்சிஸ்," என்றார் சார். "அடுத்த படத்துக்குப் போம்மா."

அவள் விரல் பட்டன்மேல்தான் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கொஞ்சம் இருங்க சார். மேடம் பாத்து முடிக்கட்டும்."